முதலாளி யார் என்று தெரியாத வேலை: சட்டம் நமக்கு என்ன தருகிறது?

நம் முன்னோர் பிழைப்புத் தேடிக் கர்நாடக மண்ணுக்கு வந்த நாளில் வேலை என்றால் அதற்கு ஒரு வாசல் இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்கு வாசல் இருந்தது. மைசூரில் அசோகபுரம் ரயில்வே பணிமனைக்கும், யாதவகிரி ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கும் வாசல் இருந்தது. அந்த வாசலில் சங்கு ஊதும். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வரும். அந்தச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். பிடித்தம் என்று அன்று முணுமுணுத்தவர்கள்தாம் பின்னாளில் அந்தப் பணத்தில் மகள் கல்யாணத்தை நடத்தினார்கள்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஐடியல் ஜாவா அதற்கு முன்பே, 1996-ல் நின்றுபோனது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெங்களூரிலும் மைசூரிலும் என்ன வேலை பார்க்கிறார்கள்? நம் குடும்பங்களில் விசாரித்தால், உணவுப் பொட்டலம் கொண்டு போகிறவர், பார்சல் கொடுக்கிறவர், செயலியில் அழைப்பு வந்தால் கார் அல்லது ஆட்டோ ஓட்டுகிறவர், அழகுக்கலை, மின்சாரப் பழுது ஆகிய வேலைகளுக்கு வீடு வீடாகச் செல்கிறவர் என்று பலர் இருப்பார்கள். இந்த வேலைக்கு வாசல் இல்லை. வாசல் கைப்பேசிக்குள் இருக்கிறது. அது திறப்பதும் மூடுவதும் யார் கையில் என்று வேலை செய்பவருக்கே தெரியாது.

இவர்களை இன்று அரசாங்கமும் பத்திரிகைகளும் 'கிக் தொழிலாளர்' என்று அழைக்கின்றன. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி 2020-21-ல் இந்தியாவில் இவர்கள் 77 லட்சம் பேர். 2029-30-ல் 2 கோடியே 35 லட்சமாக உயரக்கூடும். இத்தனை பேருக்கும் விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? கணக்கு முடக்கப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? சட்டம் இதற்கு இப்போது ஓரளவு பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பதில் என்ன, அதைப் பெற நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கேள்விதான்

"நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, எங்கள் பங்குதாரர்" என்று செயலி நிறுவனங்கள் சொல்கின்றன. நேரம் உங்கள் விருப்பம், வண்டி உங்களுடையது, ஆகவே நீங்கள் சுயதொழில் செய்பவர் என்பது அவர்கள் வாதம். ஊழியர் இல்லை என்றால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, குறைந்தபட்சக் கூலி இல்லை, பணிக்கொடை இல்லை.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பீடி சுற்றும் பெண்கள் இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றி, மறுபடி கடையில் கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. "அவர்கள் எங்கள் ஆலைக்கு வருவதில்லை, எப்போது வேலை செய்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, அவர்கள் எங்கள் தொழிலாளர் அல்ல" என்றே பீடி முதலாளிகளும் அன்று வாதாடினார்கள்.

1966-ல் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. வீட்டில் இருந்தபடி சுற்றுபவரும் தொழிலாளரே என்று அந்தச் சட்டம் விளக்கம் தந்தது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வாறு உச்ச நீதிமன்றம் வரை சென்ற நிறுவனங்களில் மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸும் ஒன்று. சட்டம் செல்லும் என்று 1974 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1977-ல் பி.எஃப். சட்டம் பீடித் தொழிலுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது. 1985 செப்டம்பரில் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் நினைவில் வைக்கத் தக்கது. வீட்டில் வேலை நடக்கும்போது மேற்பார்வை இல்லாமல் இருக்கலாம். ஆனால் சுற்றிய பீடி சரியில்லை என்று கழித்துத் தள்ளும் உரிமை முதலாளி கையில் இருக்கிறதல்லவா, கட்டுப்பாடு என்பதற்கு அதுவே போதும் என்று நீதிமன்றம் கூறியது.

அன்று கடையில் பீடியைக் கழித்தார்கள். இன்று வாடிக்கையாளர் போடும் நட்சத்திர மதிப்பெண்ணை வைத்து ஆளையே கழிக்கிறார்கள். மேற்பார்வையாளர் முகம் தெரியாவிட்டாலும், எந்த அழைப்பு யாருக்கு, எவ்வளவு கூலி, யார் கணக்கு முடக்கம் என்பதையெல்லாம் முடிவு செய்வது நிறுவனத்தின் செயலிதான். பீடித் தொழிலாளர் விஷயத்தில் 1966-ல் தொடங்கி இந்தக் கேள்வி தெளிவாக 19 ஆண்டுகள் ஆயின. கிக் தொழிலாளர் விஷயத்தில் நாம் இப்போதுதான் முதல் சில படிகளில் நிற்கிறோம்.

கர்நாடகச் சட்டம், 2025

இந்தியாவில் இதற்கென்று முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் ராஜஸ்தான், ஆண்டு 2023. அடுத்து முன்வந்த மாநிலங்களில் நாம் வாழும் கர்நாடகமும் ஒன்று. 2025 மே மாதத்தில் அவசரச் சட்டமாக வந்து, ஆகஸ்டில் சட்டமன்றத்தில் நிறைவேறி, செப்டம்பரில் முறையான சட்டமாக அறிவிக்கப்பட்டது. 2025 மே 30 முதலே அது நடைமுறையில் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் நிலை.

சட்டத்தின் சாரம் வருமாறு.

முதலாவது, பதிவு. செயலி நிறுவனங்கள் தங்களிடம் வேலை செய்பவர்களின் பட்டியலை அரசுக்குத் தர வேண்டும். எவ்வளவு காலம் வேலை செய்தார் என்ற பேதமின்றி ஒவ்வொருவரும் பதிவு பெற உரிமை உடையவர். ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு.

இரண்டாவது, நல நிதி. ஒவ்வொரு நடவடிக்கையிலும் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. இதைக் கட்ட வேண்டியது நிறுவனம், தொழிலாளி அல்ல. ஒரு பொட்டலத்துக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 1 சதவீதம் என்றால் 50 காசு. ஒருவர் நாளுக்கு 20 பொட்டலம் கொண்டு சேர்த்தால் 10 ரூபாய். பார்வைக்குச் சிறு தொகைதான். ஆனால் மாநிலம் முழுவதும் ஓடும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால் அது எத்தகைய நிதி என்று விளங்கும். இந்த நிதியை நிர்வகிக்கத் தொழிலாளர், நிறுவனங்கள் ஆகிய இரு தரப்புப் பிரதிநிதிகளும் இடம் பெறும் நல வாரியம் அமைக்கச் சட்டம் வழி செய்கிறது. மும்பை மூட்டை தூக்கும் தொழிலாளருக்காக மகாராஷ்டிரம் 1969-ல் இயற்றிய மாத்தாடிச் சட்டத்தில் இருந்த அதே யோசனைதான் இது. முதலாளி பலராக இருந்தால் என்ன, வேலை நடக்கும் இடத்திலேயே பங்கு பிடித்துப் பொது நிதியில் சேர்ப்பது.

மூன்றாவது, கணக்கு முடக்கம். நம் இளைஞர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். காலையில் எழுந்து பார்த்தால் செயலி திறக்காது, காரணமும் தெரியாது. இனி, காரணத்தை எழுத்து மூலம் தெரிவித்து, 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் ஒருவரை நீக்கக் கூடாது. பிறருக்கு உடல் காயம் விளைவித்தது போன்ற சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. எந்தெந்தக் காரணத்துக்கு நீக்குவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது, வெளிப்படைத் தன்மை. வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது, மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தொழிலாளி கேட்டால் சொல்ல வேண்டும். கூலியில் பிடித்தம் செய்தால் காரணம் காட்ட வேண்டும். குறை சொல்வதற்கு இயந்திரம் அல்லாத ஒரு மனிதர் இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் அரசு நியமிக்கும் குறைதீர் அதிகாரியிடம் போகலாம்.

ஒப்பந்தம் தமிழிலும் கேட்கலாம்

இந்தச் சட்டத்தில் நம் போன்றோர் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. ஒப்பந்தம் எளிய நடையில் இருக்க வேண்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தொழிலாளிக்குத் தெரிந்த வேறொரு மொழியிலோ கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். எட்டாவது அட்டவணையில் தமிழ் இருப்பது யாவரும் அறிந்ததே.

கன்னடம் நன்றாகப் பேசினாலும் படிக்கத் தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு. ஆங்கிலத்தில் இருபது பக்கம் வந்தால் கீழே இருக்கும் 'சம்மதம்' பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறவர்களே அதிகம். எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் உழைப்பது நல்லதல்ல. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்க உரிமை இருக்கிறது என்பது தெரிந்தால்தான் கேட்போம். இது கன்னடத்துக்கு எதிரான கோரிக்கை அன்று. நமக்கு வாழ்வளிக்கும் மாநிலத்தின் சட்டமே மனமுவந்து தந்த உரிமை.

விபத்து நேர்ந்தால்

நல வாரியத்தின் திட்டங்கள் ஒருபுறம் இருக்க, கர்நாடக அரசு 2023-24 வரவு செலவுத் திட்டத்திலேயே ஒரு காப்பீட்டை அறிவித்தது. உணவு, பார்சல் முதலியவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்களுக்கானது அது. முழுநேரம், பகுதிநேரம் இருவரும் சேரலாம். பிரீமியம் முழுவதையும் அரசே கட்டும். விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம், இயற்கை மரணத்துக்கு ரூ.2 லட்சம், விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.2 லட்சம் வரை, விபத்து மருத்துவச் செலவுக்கு ரூ.1 லட்சம் வரை என்பது திட்டம். 18 முதல் 60 வயது வரை உள்ளவராக இருக்க வேண்டும். வருமான வரி கட்டுபவராகவோ, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. மாநில அரசின் சேவா சிந்து தளம் வழியே பதிவு செய்ய வேண்டும்.

இதைத் தவிர, எல்லோருக்கும் பொதுவான இரண்டு ஏற்பாடுகளையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 2025 மே 5-ல் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, குறிப்பிட்ட மருத்துவமனைகளில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ரூ.1.5 லட்சம் மதிப்புள்ள சிகிச்சை கையில் பணம் கட்டாமல் கிடைக்கும். இன்னொன்று, வங்கிக் கணக்கு வழியே சேரும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். இரண்டு காப்பித் தண்ணி விலையில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை எடுக்காமல் வண்டியில் ஏறுவது அறிவுடைமை ஆகாது.

மத்திய அரசுச் சட்டம்

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பீடித் தொழிலாளருக்கான பழைய 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே நாளில் புதிய தொகுப்புகளுக்கு வழிவிட்டது. கிக் தொழிலாளர் என்ற சொல்லுக்கு மத்தியச் சட்டம் முதன்முதலாக விளக்கம் தந்தது இந்தத் தொகுப்பில்தான். நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும்; அது தொழிலாளருக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது.

இதற்கு நுழைவுச் சீட்டு போன்றது இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் சேர்ந்தால் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்த எண் மாறாது என்பது ஊர்விட்டு ஊர் போகும் நமக்கு வசதி. கிக் தொழிலாளருக்கு அடையாள அட்டையும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இடமும் தரப்படும் என்று 2025 பிப்ரவரி 1-ல் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதற்கும் அடிப்படை இந்தப் பதிவே. 2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனத்தில் குறைந்தது 90 நாள், அல்லது பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று கூறின. ஆகவே வேலை செய்த நாட்களின் கணக்கு கையில் இருப்பது அவசியம்.

எந்த மாநிலத்தில் பதிவு?

"ஆதார் அட்டை தர்மபுரி முகவரியில் இருக்கிறது, நான் எங்கே பதிவு செய்வது?" என்ற ஐயம் பலருக்கு எழும். மாநிலச் சட்டம் வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தபடி, 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கிக் தொழிலாளருக்குத் தனி நல வாரியம் ஏற்பட்டது. அது தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு. மைசூரிலோ பெங்களூரிலோ வண்டி ஓட்டுபவர் கர்நாடகச் சட்டத்தின் கீழ் வருவார். இ-ஷ்ரம் இரு ஊருக்கும் பொது.

கிடைக்காதவை

இவ்வளவு சொன்ன பிறகு, சட்டம் எதைத் தரவில்லை என்பதையும் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது. கிக் தொழிலாளியை ஊழியர் என்று மாநிலச் சட்டமும் சொல்லவில்லை, மத்தியச் சட்டமும் சொல்லவில்லை. பி.எஃப்., பணிக்கொடை ஆகியவை இன்னும் எட்டாத தூரத்தில்தான். பத்து மணி நேரம் வெயிலில் காத்திருந்து நான்கு அழைப்பே வந்தாலும், அந்தக் காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

வேறு நாடுகளில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19-ல் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கும் உரிமை உள்ள தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்தது. செயலியை இயக்கி, ஓட்டத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. நம் மக்கள் நிறைய வாழும் சிங்கப்பூர், ஊழியருக்கும் சுயதொழிலாளருக்கும் இடையே மூன்றாவது வகை ஒன்றை ஏற்படுத்தி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே வேலையில் காயம் பட்டால் ஊழியருக்கு உள்ள அதே அளவு இழப்பீடு உண்டு. 1995-க்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம், அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சேமிப்பு கட்டாயம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆக, வழி இல்லாமல் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

நல வாரியம், காப்பீடு, அடையாள எண் ஆகிய எதுவும் பெயர் பதிவாகாதவரைத் தேடி வராது. பீடி சுற்றிய நம் தாய்மார்கள் பாஸ் புத்தகத்தைப் பொட்டலம் கட்டிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் பிற்காலத்தில் உரிமை கேட்டார்கள். கைப்பேசியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. செயலி முடங்கினால் கணக்கும் அதோடு போய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை வருமானக் கணக்கு, வேலை செய்த நாட்கள், பிடித்தங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டில் உள்ள இன்னொருவரின் கைப்பேசிக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

ஆதாருடன் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறதா, வங்கிக் கணக்கில் வாரிசு பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரிசு பெயர் இல்லாததால் காப்பீட்டுத் தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். இ-ஷ்ரம், சேவா சிந்து இரண்டிலும் பதிவு செய்துவிடுங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் அருகில் உள்ள பொதுச் சேவை மையத்துக்கோ கர்நாடக ஒன் மையத்துக்கோ போகலாம். இ-ஷ்ரம் பற்றிய விவரம் 14434 என்ற எண்ணில் கிடைக்கும். பதிவு எண்ணை மனைவியோ தாயாரோ அறிந்திருக்கட்டும். விபத்து என்று வந்துவிட்டால் மருத்துவமனை ரசீது, போலீஸ் முதல் தகவல் அறிக்கை, அன்று செயலியில் வேலை செய்ததற்கான சான்று ஆகிய மூன்றையும் அன்றே சேகரித்து வைக்க வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் இளைஞனுக்குப் படிவம் நிரப்ப நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. ஓய்வு பெற்ற நம் பெரியவர்களில் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பணியாற்றிய பலர் உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இவர்கள் தங்கள் தெருவில் உள்ள ஒரு டெலிவரிப் பையனுக்காக ஒதுக்கினால் போதும். அந்தப் பையன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படிவம் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான்.